வீடற்றோருக்காக இயங்கும் தொண்டு நிறுவனத்துக்குத் துண்டறிக்கை, சுவரொட்டி வடிவமைக்கப் போகிறேன். படம், தாள், வாசகம் எல்லாம் எப்படி இருக்க வேண்டும்?

சென்னையில் அச்சு வடிவமைப்பு என் தொழில். வீடற்றோருக்கான ஓர் அமைப்புக்கு ஆறு வருடமாக நோட்டீஸ், போஸ்டர், அட்டை எல்லாம் செய்து தருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் படம். நான் செய்த முதல் துண்டறிக்கையில், பாரிமுனையில் சாத்திய கடை ஷட்டர் முன்னால் தூங்கும் ஒரு அம்மாவின் படத்தைப் போட்டேன். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சில வாரம் கழித்து அதே தெருவுக்குப் போனபோது அந்த அம்மா கையில் அந்த நோட்டீஸ் இருந்தது. "தூங்கறப்போ எடுத்துக்கினியே தம்பி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா தலை சீவி, பொட்டு வெச்சிக்கினு உக்காந்திருப்பேனே" என்றார். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

அந்த அம்மா பிறந்ததே அந்தத் தெருவில்தான். கல்யாணமும் அங்கேயே. காலையில் பூ கட்டி விற்கிறார். மகன் மூட்டை தூக்குகிறார். கடை திறப்பதற்குள் பாத்திரம், பாய், துணி எல்லாவற்றையும் சுருட்டி ஓரம் கட்டிவிட்டு, இரவு கடை சாத்திய பிறகு மறுபடி குடித்தனம். வடசென்னையில் இப்படித் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பமாக வாழ்பவர்கள் நிறைய. தூங்கும் படம் இது அத்தனையையும் மறைத்துவிட்டது. இப்போதெல்லாம் வேலை செய்யும்போதுதான் எடுக்கிறேன். கேட்டு எடுக்கிறேன், அச்சுக்குப் போகும் முன் பிரிண்ட் எடுத்துக் காட்டுகிறேன். "வேணாம்" என்றால் படம் வெளியே போகாது.

குழந்தைகள் முகம் போடவே போடாதீர்கள். வீடும் பிழைக்க வழியும் இல்லாத குழந்தை, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அந்தக் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை அதன் 74ஆம் பிரிவு தடுக்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் நான் போடுவதில்லை. குழந்தையின் கை, நோட்டுப் புத்தகம், செருப்பு போதும்.

வாசகத்தில் "அநாதைகள்", "பிச்சையெடுப்போர்" வேண்டாம். புள்ளிவிவரம் போட்டால் எந்த ஆண்டுக்கானது என்பதையும் அதே எழுத்தளவில் போடுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம். அது பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எடுத்த கணக்கு. அன்றிரவு கண்ணில் படாதவர்கள் அதில் இல்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் சொன்ன இரண்டுமே பணம் கொடுப்பவர் படிப்பதற்கு. தெருவில் இருப்பவர் படிக்க என்ன செய்யப் போகிறீர்கள்? நான் செய்ததிலேயே அதிகம் பயன்பட்டது ஒரு சின்ன அட்டைதான். விசிட்டிங் கார்டு அளவு, ஒரே நிறம், பக்கத்திலிருக்கும் காப்பகத்துக்கு வழி. ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டு தெரு தள்ளிப் படுத்திருப்பவருக்கே அது தெரியாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் அட்டையில் "பழைய எண், புதிய எண்" என்று முழு முகவரி போட்டேன். யாருக்கும் உதவவில்லை. இரண்டாவதில் பஸ் ஸ்டாப், அம்மா உணவகம், தண்ணீர்த் தொட்டி மூன்றையும் கோட்டுப் படமாக வரைந்து நடுவே அம்புக்குறி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பெண்களுக்கா, ஆண்களுக்கா, குடும்பத்துக்கா என்பதையும் உருவமாகவே போட்டோம். ஆண்கள் காப்பகத்தின் வாசல் வரை நடந்துவிட்டு ஒரு பெண் திரும்புவது கொடுமை. பின்பக்கம் தெலுங்கிலும் இந்தியிலும் ஒவ்வொரு வரி. கூடவே உதவி எண்கள்: மாநகராட்சி 1913, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567.

தாளும் முக்கியம். அட்டை சுருக்குப்பையிலும் இடுப்பு மடிப்பிலும் இருக்கும், வியர்வையிலும் மழையிலும் நனையும். ஆர்ட் கார்டு எனும் வழவழப்புப் பூச்சுள்ள அட்டை ஒரு வாரம் தாங்கவில்லை. கிழியாத தாள் என்று அச்சகத்தில் கேளுங்கள், கிடைக்கும். விலை கூடுதல்தான், போஸ்டரில் ஒரு நிறத்தைக் குறைத்து அந்தக் காசை இங்கே போடுங்கள். பளபளப்பான தாளும் வேண்டாம், தெருவிளக்கு வெளிச்சத்தில் கூசும், எழுத்தே தெரியாது.

நன்கொடை நோட்டீஸுக்கு 80 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதாரண வெள்ளைத் தாள் போதும். வழவழப்பான தடித் தாளைப் பார்த்து, "இதுக்கே இவ்ளோ செலவா?" என்று கேட்டவர்கள் உண்டு. வரிச்சலுகை விவரமும் கியூஆர் கோடும் ஒரே மூலையில் இருக்கட்டும்.

தமிழ் எழுத்து பற்றி இரண்டு விஷயம். கறுப்பு எழுத்தை நான்கு நிறமும் கலந்து வைக்காதீர்கள், கறுப்பு மட்டும் 100 சதவீதம் வையுங்கள். ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது, துளி விலகினாலும் ண, ணை சுழிகள் அடைத்துக்கொள்ளும். கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் தடித்த எழுத்துரு, பெரிய அளவு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் அமைப்பைப் போட மறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எழுத்தையெல்லாம் கர்வ், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவம் ஆக்கிவிட்டு, ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

சுவரொட்டியை அனுமதி வாங்கிய சுவரில் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். கண்ட இடத்தில் ஒட்டுவதற்கு எதிராக 1959லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

கடைசியாக, தொலைபேசி எண். அச்சுக்கான பிளேட் போடும் முன், புரூஃப் எனும் சரிபார்ப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு இரவு 11 மணிக்கு நானே போன் போடுவேன். எடுத்துப் பேச ஆள் இருந்தால்தான் மறுநாள் அச்சுக்குக் கொடுப்பேன்.