“பங்கர் காலத்துக்கா ஏங்குறீங்கள், அம்மா?”

கேள்வி: எனக்கு 49 வயது. சொந்த இடம் யாழ்ப்பாணத்தில் கொக்குவில். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வெளிக்கிட்டு, அடுத்த வருஷம் வவுனியாவால் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் மகளோடு இருந்து ‘மெய்யழகன்’ பார்த்தேன். படம் முடிந்த பிறகும் அழுகை நிற்கவில்லை. அன்றிலிருந்து எல்லோரும் படுத்த பிறகு பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். நித்திரைக்குப் போக ஒரு மணி, ஒன்றரை மணி ஆகிறது. சின்ன வயதில் ஒரு வீட்டு முற்றத்தில் வீடியோவில் பார்த்த ஒரு ரஜினி படத்தை மட்டும் மூன்று தரம் பார்த்துவிட்டேன். 21 வயது மகள் கேட்கிறாள்: “அம்மா, நீங்கள் பங்கருக்குள்ள இருந்த காலத்துக்கா ஏங்குறீங்கள்?” எனக்குப் பதில் வரவில்லை. கணவர் சாவகச்சேரி ஆள். இந்தப் படங்கள் போட்டால் எழும்பிப் போய்விடுவார். “ரீவியை நிப்பாட்டு, இல்லாட்டி டொக்டரிட்டப் போ” என்கிறார். இது ஏதும் வருத்தமா அக்கா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் காய்ச்சலும்தான், கவலையும்தான். உங்களுடையது இரண்டாவது வகை. ஆனால் கணவரையும் முழுக்கப் பிழை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் வைத்தியர்களே இதைக் காய்ச்சல் வரிசையில்தான் வைத்திருந்தார்கள். 1688இல் யொஹான்னெஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், ஊரை விட்டுத் தூர இடங்களில் வாழ்பவர்களைப் பிடிக்கும் ஏக்கத்தை ஒரு நோயென்று எழுதி, கிரேக்கத்தில் ‘வீடு திரும்புதல்’, ‘வலி’ என்ற இரண்டு சொற்களை ஒட்டி அதற்குப் பெயரும் வைத்தார். நொஸ்டால்ஜியா என்று இன்று எல்லோரும் இனிப்பாகச் சொல்கிற சொல் அப்படி வந்ததுதான். இப்போது அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

ஆனால் ஒன்றரை மணிக்குப் படுப்பது சரியில்லை. விடிய எழும்பிச் சமைத்து வேலைக்கும் போகிற உடம்பு அதை எத்தனை நாளைக்குத் தாங்கும்? படம் பார்க்காத நாளிலும் நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், ஒன்றிலும் மனம் ஒட்டாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் டொக்டரிடம் போங்கள். 1926 என்ற எண்ணுக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் தமிழிலும் கதைக்கலாம். அந்தப் பேச்சு இவ்வளவும் போதும்.

இனி உங்கள் மகளின் கேள்வி. கெட்டிக்காரப் பிள்ளை. கொஞ்சம் குத்தலாகக் கேட்டாலும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாள்.

நீங்கள் ‘96’ படமும் பார்த்திருப்பீர்கள். 2018இல் வந்தது. மெய்யழகனை எடுத்த அதே பிரேம்குமார் எடுத்தது. அதில் கதாநாயகி ‘யமுனை ஆற்றிலே’ பாட்டைப் பாட மாட்டாளா என்று கதாநாயகன் பள்ளிக்கூட நாளிலிருந்து காத்திருப்பான். கடைசியில் கரண்ட் போய் அறை இருண்டதும் அவள் பாடுவாள். படம் பார்த்தபோது நான் நினைத்தது யாழ்ப்பாணத்தைத்தான். அந்தப் பாட்டு வந்த ‘தளபதி’ வெளியானது 1991இல். அப்போது உங்களுக்கு 15 வயது. குடாநாட்டில் 1990இலேயே மின்சாரம் நின்றுவிட்டது. பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மாறி ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுற்ற, டைனமோவில் வந்த கரண்டில் கசெட் பாடியதாம். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் பாட்டு இழுபடுமாம். இது என் மச்சாள் சொல்லிக் கேட்டது. அவள் இப்போதும் அந்தப் பாட்டுகளைச் சரியான வேகத்தில் கேட்டால் ஏதோ குறைகிறது என்பாள்.

வீடியோவும் அப்படித்தானே. யாரோ ஒருவர் டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுப்பார். இன்னொருவர் ஜெனரேற்றர் தருவார். எண்ணெய்க்கு ஒழுங்கை முழுவதும் காசு போடும். போட்ட காசு வீணாகக் கூடாதென்று விடியவிடிய மூன்று படம் ஓடும். மூன்றாவது படத்தில் பாதிப்பேர் நித்திரை. நீங்கள் அன்று பார்த்த ரஜினி படம் நல்ல படமா, கூடாத படமா என்று உங்களால் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். யாருடைய தோளில் சாய்ந்திருந்தீர்கள் என்பதைச் சொல்வீர்கள். அந்தத் தோளுக்குத்தான் மூன்று தரம் பார்த்திருக்கிறீர்கள். மகளிடம் இதைச் சொல்லுங்கள். பங்கருக்கு யாரும் ஏங்குவதில்லை. அதற்குள் பக்கத்தில் இருந்தவர்களில் இப்போது எத்தனை பேர் எங்கே?

இன்னொரு காரணமும் உண்டு. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பின்னாளில் நமக்கு ஆகக் கூடுதலாக நினைவில் நிற்கும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். உங்களுடைய அந்தக் காலம் போருக்குள் விழுந்தது. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? பதினைந்து வயது ஒரு தரம்தான் வரும். ஷெல் விழுகிறதென்று அது தள்ளிப்போகாது.

ஆனால் படம் கொஞ்சம் ஏமாற்றும், அதையும் தெரிந்து வைத்திருங்கள். அழகான முற்றத்தைக் காட்டும், அங்கே யார் உட்காரக் கூடாது என்றிருந்தது என்பதைக் காட்டாது. ‘அழகி’, ‘ஆட்டோகிராஃப்’ எல்லாம் எனக்குப் பிடித்த படங்கள்தான், ஆனால் எல்லாம் ஆண்கள் நினைத்துப் பார்க்கிற படங்கள். அந்தப் பெண்களுக்கு அவர்களை ஞாபகம் இருக்கிறதா, எப்படி இருக்கிறது என்று பெரிதாக யாரும் கேட்பதில்லை. மெய்யழகனிலும் விடிய விடியக் கதைப்பது இரண்டு ஆண்கள். நம் வீடுகளில் ஒரு பெண் அப்படி இருந்து கதைத்தால் விடியச் சாப்பாடு யார் செய்வது? சரி, அதை விடுவோம்.

உங்களை அழவைத்தது கதை என்று நான் நினைக்கவில்லை. அந்த வருஷம். மெய்யழகனில் கதாநாயகன் அருள்மொழியின் குடும்பம் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போவது 1996இல். நீங்கள் வவுனியா கடந்து கொழும்புக்கு வந்ததும் 1996இல். அவர்களுக்குச் சொந்தக்காரரின் சொத்துத் தகராறு, உங்களுக்கு வேறு. அவன் ஒரு சைக்கிளை விட்டுப் போகிறான். நீங்கள் எதை விட்டு வந்தீர்கள் என்று எழுதவில்லை.

தஞ்சாவூர்த் தெருவைப் பார்த்து கொக்குவிலுக்கு அழுவது விசித்திரமாகத் தெரியும். ஆனால் வேறெதைப் பார்த்து அழுவது? நம் ஊரைக் காட்டிய படங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இருந்தவற்றிலும் எல்லாம் மிஞ்சவில்லை. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிக்கப்பட்டபோது எத்தனையோ படச்சுருள்கள் சேர்ந்து எரிந்தன. ‘பொன்மணி’ கிடைத்தால் பாருங்கள். 1970களின் பின்பாதியில் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்தது. அவர் சிங்களவர், அங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். படம் மெதுவாகத்தான் போகும், உங்கள் மகள் கொட்டாவி விடுவாள். ஆனால் அதில் வரும் வீதியும் வீடும் செட் இல்லை. சாதியையும் சீதனத்தையும் அது மறைக்கவும் இல்லை. ஏக்கத்துக்கு நல்ல மருந்து.

கணவரைப் பற்றி ஒரு சொல். நான் பம்பலப்பிட்டியில் வளர்ந்தவள். 1983இல் எனக்கு 13 வயது. அந்த ஜூலைக்கு முன் எங்கள் வீட்டு ரேடியோவில் ஓயாமல் போன ஒரு பாட்டு உண்டு. ஊரே உருகுகிற பாட்டு. இன்றைக்கும் அது கேட்டால் நான் குசினிக்குள் போய்விடுவேன். என் பிள்ளைகளுக்கு அம்மாவுக்கு இசை பிடிக்காது என்று நினைப்பு. உங்கள் கணவர் எழும்பிப் போவதும் படம் பிடிக்காமலாக இருக்காது. காரணம் கேட்டுத் துருவ வேண்டாம். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள், அல்லது சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.

அப்புறம், தனியாக நடுச்சாமத்தில் பார்ப்பதை நிறுத்துங்கள். இந்தப் படங்கள் கூட்டமாக இருந்து பார்த்தவை, தனியே பார்த்தால் கனம் கூடும். கிழமைக்கு ஒன்று போதும். ஞாயிறு பின்னேரம் மகளையும் இருத்திப் பாருங்கள். உங்களுக்கு ஏதும் ஞாபகம் வந்தால் அந்த இடத்தில் படத்தை நிறுத்திச் சொல்லுங்கள். சீனி இல்லாமல் பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்ததைச் சொல்லுங்கள், பொம்மர் வந்ததையும் சொல்லுங்கள். அவள் போன் பார்த்துக்கொண்டிருப்பாள். பரவாயில்லை, காது திறந்துதானே இருக்கும்.

கொக்குவிலுக்கு ஒருக்கால் போய் வரச் சொல்வேன். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கியபோது என்னோடு வேலை செய்த ஒருவர் முதல் மாதமே போனார். திரும்பி வந்து, “வீடு சின்னதாப் போச்சு” என்றார். முற்றத்துக் கிணற்றை மூடியிருந்தார்களாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஊர் பற்றிக் கனவு காண்பது குறைந்தது. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடிய இறங்கலாம். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கே திரும்புவதாகத் திட்டம் போடாதீர்கள். மெய்யழகனில் அருள்மொழியும் அன்றிரவே திரும்பிவிடுகிற நினைப்பில்தான் போனார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மூன்று தரம் பார்த்த அந்த ரஜினி படத்தின் பெயரை நீங்கள் எழுதவே இல்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பக்கத்தில் இருந்தது யார் என்றும்.