வீட்டுத்திரையில் இசைநாடகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேரளத்தின் ஆரியங்காவில் வசிக்கிறேன். சென்ற மாதம், அமெரிக்க விடுதலைப் போர்க்காலத் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கதையைச் சொல்லும் ஹாமில்டன் இசைநாடகத்தின் மேடைப்பதிவை வீட்டுத் தொலைக்காட்சியில் மூன்று இரவுகளாகப் பார்த்தேன். ஆங்கில வரிகளைத் திரையின் அடியில் ஓடவிட்டதால் ஒருவாறு தொடர முடிந்தது. திருவனந்தபுரத்தில் நாடகங்களை விடாமல் பார்க்கும் என் நண்பர், "நீங்கள் பார்த்தது நாடகமே அல்ல, நாடகம் நடந்ததற்கான சாட்சியம் மட்டும்தான்" என்கிறார். எனக்கும் இரண்டு குறைகள் இருந்தன. முதல் இரவு திருமணப் பாட்டு முடிந்ததும் நிறுத்தினேன். மறுநாள் தொடங்கிய பாட்டில் முந்தைய இரவு பார்த்ததே திரும்பவும் வந்தது, ஏன் என்று விளங்கவில்லை. அரங்கில் இருப்பவர்கள் கைதட்டும்போதெல்லாம் அழைப்பில்லாமல் கல்யாணத்துக்குப் போனவன்போல் இருந்தது. இப்படிப் பார்ப்பதில் பயன் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அது நாடகமல்ல என்பது சரி. சாட்சியம் என்பது சரியல்ல. சாட்சியம் என்றால் ஒரு மூலையில் கேமராவை நிறுத்திவிட்டு நடந்ததை நடந்தபடி பிடித்திருக்க வேண்டும். ஹாமில்டன் பதிவு அப்படி உருவானதல்ல. 2016 ஜூன் மாதம், மூல நடிகர்களில் சிலர் விலகுவதற்குச் சற்று முன்பாக, நியூயார்க்கின் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கில் மூன்று நாட்களில் அது படமாக்கப்பட்டது. பார்வையாளர் நிறைந்த காட்சிகளைப் பதிவுசெய்ததோடு, அரங்கு காலியாக இருந்த வேளையில் கேமராக்களை மேடைமேலேயே ஏற்றிச் சில பாடல்களைத் தனியாகவும் எடுத்தார்கள். நாடகத்தை இயக்கிய தாமஸ் கெய்ல்தான் படத்தையும் இயக்கினார். ஆகவே நீங்கள் பார்த்தது, ஒரு நாடகத்தை அதன் இயக்குநரே இரண்டாம் முறை, இம்முறை கண்ணுக்கு வழிகாட்டி, இயக்கிய ஒன்று.

அந்த வழிகாட்டலால் கிடைப்பதும் உண்டு, போவதும் உண்டு. இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னராக வரும் ஜோனதன் கிராஃப் கிரீடம் தரித்துக்கொண்டு ஏறக்குறைய அசையாமல் நின்று பாடுகிறார். பாடும்போது எச்சில் தெறித்துத் தாடையில் வழிவது வரை கேமரா காட்டுகிறது. அந்த அரங்கில் சுமார் 1,300 இருக்கைகள். பெரும் விலை கொடுத்து உயர்வகை இருக்கையில் அமர்ந்தவர்களில்கூட முன்வரிசைக்காரர்களைத் தவிர வேறு எவருக்கும் அந்த எச்சில் தெரிந்திருக்காது. செல்லமும் கொடுமையும் கலந்த அந்த அரசனை எனக்குப் புரியவைத்தது அந்தத் தாடைதான். வரிகளைத் திரையில் ஓடவிட்டதற்காகவும் நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட நாடகம் அது. ராப் வேகத்தில் பாடப்படும்போது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு அரங்கில் இருப்பவருக்கே பல சொற்கள் நழுவிவிடும்.

போவது என்ன என்றால், எங்கே பார்ப்பது என்று நாமே முடிவுசெய்யும் உரிமை. இதை விளக்க நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. ஆரியங்காவுக் கணவாய்க்கு உங்கள் பக்கமானாலும் செங்கோட்டையாகிய எங்கள் பக்கமானாலும், யூடியூபில் வள்ளி திருமணம் பார்க்காத நாடகப் பிரியர் அரிது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடியவிடிய நடப்பதை உள்ளூர் வீடியோக்காரர்கள் எடுத்துப் போடுகிறார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் முற்றும் இடத்தைக் கவனியுங்கள். நாரதர் ஒரு கேள்வியைப் போட்டதும் கேமரா அவர் முகத்துக்கு நெருங்கிவிடுகிறது. பதில் முன்கூட்டி எழுதப்பட்டதல்ல. வள்ளியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் அந்த நொடியில்தான் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். சுருதி பிடித்துக் காத்திருக்கும் ஆர்மோனியக்காரரை அவர் ஓரக்கண்ணால் பார்ப்பதும், உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து மறைவதும், பந்தலில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேள்வியைவிடச் சுவையானவை. பேசுகிறவரையே பார்க்கும் கேமரா கேட்கிறவரை இழந்துவிடுகிறது. ஹாமில்டனை எடுத்தவர்கள் இதைவிடப் பலமடங்கு நுட்பமானவர்கள்தாம். இருந்தும், குழு நடனத்தில் கலந்து நின்று, இறுதித் துப்பாக்கிச் சண்டையில் குண்டாகவே மாறி ஹாமில்டனை நோக்கி மெல்ல நகர்ந்து வரும் அந்த நடனப்பெண்ணை, அதற்கு முந்தைய காட்சிகளில் எங்கெங்கே நிற்கிறாள் என்று நாமாகத் தேடிப் பின்தொடர முடிவதில்லை.

பார்த்ததே திரும்பவும் வந்தது என்ற உங்கள் முதல் குறைக்குக் காரணம் கேமரா அல்ல. நீங்கள் நிறுத்திய இடம். இருப்பதிலேயே மோசமான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஹாமில்டன்மேல் எலைசாவின் காதலும் அவர்கள் திருமணமும் ஒரு பாட்டில் முடிகின்றன. அடுத்த பாட்டில் அக்காள் ஏஞ்சலிகா வாழ்த்துரைக்க எழுகிறாள். அவள் பேசத் தொடங்கியதும் மேடைச் சுழல்தளம் திரும்பிச் சுற்ற, ஆடுகிறவர்கள் சற்றுமுன் ஆடிய அசைவுகளைப் பின்னோக்கி ஆட, அதே விருந்து இரவு அவள் கண்வழியே மறுபடி நடக்கிறது. தங்கை ஒருவனைக் கண்டு மயங்கிய அதே நேரத்தில் அக்காளும் மயங்கினாள், தெரிந்தே விட்டுக்கொடுத்தாள் என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவருகிறது. முதல் பாட்டின் இன்பம் காதில் ஆறுவதற்குள் இரண்டாவது பாட்டு அதைத் திருப்பிப்போட வேண்டும். இடையில் நீங்கள் ஓர் இரவு முழுக்கத் தூங்கி எழுந்துவிட்டீர்கள். வீட்டில் பார்ப்பதன் மெய்யான ஆபத்து திரையின் அளவல்ல, கையில் இருக்கும் ரிமோட். இதை உங்கள் நண்பர் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன்.

கைதட்டலைப் பற்றி: அதை வெளிச்சத்தமாக எண்ணாமல் வாத்தியங்களில் ஒன்றாகக் கேட்டுப்பாருங்கள். யார்க்டவுன் போர்ப் பாட்டில், குடியேறி வந்தவர்களான நாங்கள்தான் வேலையை முடிக்கிறவர்கள் என்று ஹாமில்டனும் பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட்டும் சொல்லும் வரிக்கு அரங்கு அதிர்ந்ததால் அடுத்த வரிகள் கேட்காமல் போயின. ஆகவே அந்த இடத்தில் இசையையே சிறிது நீட்டினார்கள். நம் பழைய மேடையில் ஒன்ஸ்மோர் கேட்டவர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுதான். பார்வையாளர் அங்கே பாட்டின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் சத்தத்தை அழித்துவிட்டால் நடிகர் காரணமின்றி நிற்பதாகத் தோன்றும்.

பயன் உண்டா என்ற கேள்விக்குச் செங்கோட்டைக்காரன் வேறு பதில் சொல்ல முடியாது. நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் இவ்வூரில் பிறந்தவர். 1933இல், இருபத்தேழு வயதில் இறந்துவிட்டார். தமிழில் பேசும்படம் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மேடையில் நடித்த காட்சி ஒன்றுகூடப் படமாகக் கிடைக்கவில்லை. மிஞ்சியவை இசைத்தட்டுகள், அவையும் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். ஒரு பாட்டை அவர் மேடையில் எவ்வளவு விரித்தார், உடன் நடித்த கே.பி. சுந்தராம்பாள் எதிரே நின்று எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் பார்த்தவர்களோடு போயிற்று. உள்ளூர் வீடியோக்காரர் ஒருவர் கோணல்மாணலாக எடுத்த ஒரு காட்சி கிடைத்தாலும் நான் நன்றியோடு பார்ப்பேன்.

ஹாமில்டனை இன்னொரு முறை, ஒரே இரவில் பாருங்கள். மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள்தான். இரண்டு அங்கங்களுக்கும் நடுவே, திரையில் கடிகாரம் ஓட, படமே ஒரு நிமிடம் இடைவேளை விடுகிறது. நிறுத்துவதானால் அங்கே நிறுத்திச் சாயா குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.