பிசி-98 கிடங்கில் கிடக்கிறதா?

நண்பரே, ஜப்பான் ஏலத்தில் எடுத்த பழைய பிசி-9801ஐ (என்.இ.சி. நிறுவனத்தின் பிசி-98 வரிசைக் கணினி) அங்குள்ள கிடங்கிலிருந்து சென்னைக்குக் கொண்டுவர, முகவர் கேட்கும் கட்டணம் கணினியின் விலையையே தாண்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கூரியரில் தராசு எடை மட்டும் கணக்கில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். எது அதிகமோ அதற்குத்தான் காசு. 60×50×40 பெட்டி 24 கிலோ ஆகிவிடும், உள்ளே 10 கிலோதான் இருந்தாலும். மறுபடி பேக் செய்து 50×45×30 ஆக்கினால் 13.5. அதற்காகப் பெட்டிக்குள் வைக்கும் பாதுகாப்பு நுரையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், பழைய பிளாஸ்டிக் அப்பளம்தான். ஜப்பான் அஞ்சலின் இ.எம்.எஸ். (வெளிநாட்டு விரைவு அஞ்சல்) விலையும் கேளுங்கள், அங்கே உண்மை எடைக்கே கட்டணம்.

அதைவிடப் பெரிய சிக்கல் சுங்கம். பழைய கணினிகளை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். அது இல்லாமல் அனுப்பச் சொல்லாதீர்கள். 'பரிசு' என்று எழுதினாலும் தப்பாது. நானாக இருந்தால் விசைப்பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு கணினியை அங்கேயே விற்றிருப்பேன்.

அனுமதி கிடைத்து வந்துவிட்டால், சரி, நேராக நம் 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள். அது 100 வோல்ட் இயந்திரம். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரை இங்கேயே வாங்கலாம்.