லேசரில் செங்கல் சுவர் வருமா? மினியேச்சர் கட்டடங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து மாடல் கட்டடங்கள் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. லேசர் கட்டிங் சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டு மாடியில் எச்.ஓ. அளவில் சின்னதாக ஒரு ரயில் பாதை போட்டிருக்கிறேன். அதற்குப் பழைய காலத்துச் செங்கல் ஸ்டேஷன் ஒன்றும், பக்கத்தில் நாலைந்து ஓட்டு வீடுகளும் வைக்க ஆசை. கையால் அட்டையை வெட்டினால் ஜன்னல்கள் ஒன்றுபோல வருவதில்லை. லேசர் கட்டிங் கடையில் கொடுத்தால் வருமா? — ஒரு வாசகர், காட்பாடி

பதில்: தாராளமாக வரும். ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று வந்து நின்றது நம்ம வாலாஜா ரோட்டில்தான், அதனால் இந்தப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றை மாடலாகச் செய்ய நீங்கள் நினைத்ததே எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மெஷினுக்குத் தட்டையான தகட்டை வெட்டவும் அதன் மேல் கோடு போடவும் மட்டும்தான் தெரியும். சுவரின் கனம், உள்ளே தள்ளி நிற்கும் ஜன்னல், வெளியே நீட்டும் கார்னிஸ் இதெல்லாம் ஒரே தகட்டில் வராது, கட்டடத்தை அடுக்கடுக்காகப் பிரித்து யோசிக்க வேண்டியது நம்ம வேலை. எச்.ஓ. என்றால் 1:87, அதாவது நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் சுவர் 230 மி.மீ., அதை 87-ஆல் வகுத்தால் 2.6 மி.மீ. வருகிறது. அதற்கு 2 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் நடுச்சுவர், வெளிப்பக்கம் அரை மி.மீ. அட்டையில் செங்கல் கோடு போட்ட முகப்பு, உள்பக்கம் இன்னொரு அட்டையில் ஜன்னல் சட்டம் என்று மூன்று அடுக்காகச் செய்யுங்கள். மூன்றையும் ஒட்டினதும் ஜன்னல் சுவருக்குள் உள்வாங்கி நிற்கும், ஓரத்தில் மெல்லிய நிழல் விழும். அந்த நிழல் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் அட்டைப்பெட்டி மாதிரிதான் தெரியும். நடுச்சுவரின் ஜன்னல் திறப்பை மட்டும் முகப்பில் இருப்பதைவிடக் கால் மி.மீ. பெரிதாக வரையுங்கள், எம்.டி.எஃப்.பின் கருகிய விளிம்பு அட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும்.

இனி செங்கல். பழைய ஒன்பதங்குலக் கல் 230 x 115 x 75 மி.மீ. 1:87-ல் நீளம் 2.6, அகலம் 1.3, கலவையோடு சேர்த்து ஒரு வரிசையின் உயரம் கிட்டத்தட்ட 1 மி.மீ. பத்து மி.மீ. கலவைக் கோடு 0.115 மி.மீ. ஆகிறது, அதாவது லேசர் ஒரு தடவை இழுக்கும் கோட்டின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே எச்.ஓ.வில் செங்கல் சுவர் அச்சு அசலாக வரும். இதையே ‘N’ என்கிற இன்னும் சின்ன அளவில், 1:160-ல் செய்யப்போனால் கலவைக் கோடு 0.06 மி.மீ. ஆகிவிடும், லேசர் கோடு அதைவிடத் தடிமன், சுவர் முழுக்கக் கோடாகத்தான் தெரியும். அந்த அளவில் செங்கலை விட்டுவிட்டுப் பூச்சுச் சுவராகச் செய்வதே நல்லது.

பழைய சுவர்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரு வரிசை முழுக்கக் கல்லின் நீளப்பக்கம், அடுத்த வரிசை முழுக்கக் குறுக்குப்பக்கம் என்று மாறிமாறி வரும், இங்கிலீஷ் பாண்டு என்று மேஸ்திரிகள் சொல்வார்களே, அது. இணையத்தில் கிடைக்கும் செங்கல் டிசைன்களில் பல, எல்லா வரிசையும் நீளக் கல்லாகவே இருக்கும். நாலரை அங்குலச் சுவருக்கு அது சரி, 1900-க்கு முந்தைய ஸ்டேஷனுக்குப் பொருந்தாது. தயவுசெய்து நீங்களே வரையுங்கள், இரண்டு வரிசை வரைந்துவிட்டால் மீதியெல்லாம் காப்பி பேஸ்ட்தானே. மூலையில் இரண்டு சுவரின் வரிசைகளும் ஒரே மட்டத்தில் சந்திக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

ஓட்டுக் கூரைக்கு ஒரே அட்டையில் கட்டம் போட்டு ஒட்டிவிடாதீர்கள். சீமை ஓட்டுக்கு மெல்லிய அட்டையை நீளநீளப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் கீழ் விளிம்பிலும் ஓட்டுக்கு ஓடு சின்ன வெட்டு விட்டு, இறவாரத்தில் தொடங்கி முகடு வரை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிக்கொண்டே போகணும், நிஜக் கூரையை வேய்கிற மாதிரியேதான். நாட்டு ஓட்டின் வளைவு லேசரில் வராது.

ஜன்னல் கம்பியில் கணக்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். 12 மி.மீ. கம்பி 1:87-ல் 0.14 மி.மீ., அவ்வளவு மெல்லிய அட்டைக் கம்பி வெட்டும்போதே எரிந்து போகும். அரை மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டும்போது ஃபெவிக்விக் வேண்டாம், அதன் ஆவி பட்டுத் தாள் வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் ஒரு துளி போதும், காய்ந்தால் தெரியாது.

கடைக்குக் கொடுக்கும் ஃபைலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான். வெட்டும் கோடு ஒரு நிறம், மேலோட்டமாக இழுக்கும் கோடு இன்னொரு நிறம். எழுத்து இருந்தால் கர்வ் (வெறும் வடிவக் கோடு) ஆக மாற்றிவிடுங்கள். ஒரே கோடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தடவை இருந்தால் லேசரும் அதே இடத்தில் இரண்டு தடவை போகும், அட்டை கருகிவிடும். வரைவது ஆட்டோகேட் மென்பொருளில் என்றால் ஓவர்கில் கட்டளை கொடுத்தால் இரட்டைக் கோடுகள் போய்விடும். அதிலிருந்து எடுக்கும் டி.எக்ஸ்.எஃப். வரைபட ஃபைலை கோரல் டிரா மென்பொருளில் திறக்கும்போது மி.மீ. அங்குலமாக மாறிவிடுவது அடிக்கடி நடக்கும், அதனால் ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து வைத்து, வெட்டுவதற்கு முன் அதை அளந்து காட்டச் சொல்லுங்கள். செங்கலை என்கிரேவிங்காக வேண்டாம், குறைந்த பவரில் லைன் மார்க்கிங்காகப் போடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என்கிரேவிங் என்றால் லேசர் முன்னும் பின்னுமாகத் தகடு முழுக்க வரிவரியாக ஓடும், நேரமும் காசும் பல மடங்கு. முதலில் கோடு, அப்புறம் ஜன்னல் ஓட்டைகள், வெளி விளிம்பு கடைசியில். வெளி விளிம்பை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்துவிடும், ஜன்னல் கோணலாகும்.

கேள்வி: ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். 1:50 மாடலுக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப்.பில் ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற மாதிரி வரைந்து வெட்டினேன். 10 மி.மீ. நாக்கு, 10 மி.மீ. துளை. லொடலொட என்று ஆடுகிறது. மெஷின் சரியில்லையா? — மாணவி, சத்துவாச்சாரி

பதில்: மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. ரம்பம் மரத்தூளாகத் தள்ளுவதை லேசர் புகையாகத் தள்ளுகிறது, அந்த அகலத்தைத்தான் கெர்ஃப் என்கிறோம். கார்பன் டை ஆக்சைடு லேசரில் மெல்லிய பலகைக்கு அது சுமார் 0.1-லிருந்து 0.2 மி.மீ. வரை இருக்கும். உங்களுக்கு 0.15 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு 9.85 ஆகச் சுருங்கும், துளை 10.15 ஆக விரியும், இரண்டும் சேர்ந்து 0.3 மி.மீ. இடைவெளி. ஆடத்தானே செய்யும்? நாக்கை 10.15 என்றும் துளையை 9.85 என்றும் வரைந்திருந்தால் இரண்டுமே 10-ல் வந்து நின்றிருக்கும்.

கடைக்காரர் சொல்லும் கெர்ஃபை நம்பி மொத்தத்தையும் வெட்டாதீர்கள். அதே பலகையின் ஓரத்தில் 10 மி.மீ. சதுரம் பத்து, நடுவில் இடைவெளி விடாமல், கோடுகளைப் பகிர்ந்துகொள்ளும்படி வரிசையாக வரைந்து வெட்டுங்கள். பத்தையும் நெருக்கி வைத்து வெர்னியரில் அளங்கள். 98.5 வந்தால் குறைந்தது 1.5, பத்தால் வகுத்தால் ஒரு துண்டுக்கு 0.15, அதுதான் அந்த மெஷினில் அந்தப் பலகைக்கு உங்கள் கெர்ஃப். பலகையின் கனத்தையும் அளங்கள். 3 மி.மீ. என்று விற்பது 2.7-ஆகவும் இருக்கும், 3.2-ஆகவும் இருக்கும், நாக்கு செருகும் துளையின் அகலம் அந்தக் கனத்தைப் பொறுத்தது. ஒட்டுவதற்கு முன் கருகிய விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், கரி மேல் பசை பிடிக்காது. முகம் பழுப்பேறாமல் இருக்க, வெட்டுவதற்கு முன்பே பலகை மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடலாம்.

கேள்வி: சன்போர்டு எடுத்துக்கொண்டு போனேன், வெட்ட மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடுதல் காசு கொடுக்கிறேன் என்றும் கேட்கவில்லை. ஏன்? — ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அந்தக் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள், தொழில் தெரிந்தவர். நம்ம ஊரில் சன்போர்டு என்று விற்பதில் பெரும்பாலானவை பி.வி.சி. நுரைப்பலகை. பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது, லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூச்சுக்கும் கேடு, மெஷினின் தண்டவாளம், லென்ஸ் எல்லாம் அரித்துப்போகும். கூடுதல் காசு கொடுத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சன்போர்டைக் கத்தியால் வெட்டுங்கள், அதற்கு அது அருமையான சரக்கு. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்குக்குப் போடும் கண்ணாடித்தாளிலும் பி.வி.சி. உண்டு, அதையும் லேசருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால், திறந்தவெளியில், புகை உங்கள் மேல் வராத பக்கமாக நின்றுகொண்டு, ஒரு செம்புக் கம்பியை நன்றாகச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் பெரும்பாலும் குளோரின்தான், அந்தப் பிளாஸ்டிக்கைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன் ஐயா. ஸ்கூல் கண்காட்சிக்கு வேலூர் கோட்டையை லேசர் கட்டிங்கில் செய்யலாமா? — மாணவன், தோட்டப்பாளையம்

பதில்: செய்யலாம் தம்பி, கோட்டைக்குச் செங்கல் சுவர் முறை மட்டும் ஒத்துவராது. கோட்டை மதில் வளைந்து வளைந்து போகிறது, அதை நிற்கவைத்த தகடாகச் செய்யாமல் படுக்கவைத்த அடுக்குகளாகச் செய். கோட்டையின் பரப்பு 133 ஏக்கர் என்பார்கள், 1:1000 அளவில் முக்கால் மீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும், ஒரு மி.மீ. ஒரு மீட்டர் என்பதால் கணக்கும் சுலபம். சாட்டிலைட் படத்தின் மேல் மதிலின் வெளிக்கோட்டை வரைந்துகொள். அடியில் நீல பெயின்ட் அடித்த பலகை, அதன் மேல் கண்ணாடி அக்ரிலிக், அதற்கு மேல் அகழி இடத்தை வெட்டி எடுத்த எம்.டி.எஃப். தகடு. அகழித் தண்ணீர் தானாகவே தெரியும். மதிலுக்கு அந்த வெளிக்கோட்டையே அடுக்கடுக்காக, மேலே போகப் போகத் துளி உள்வாங்கி வெட்டி ஒட்டு.

உள்ளே இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச் மாதிரியான கட்டடங்கள் ஒரு மி.மீ. அட்டையில் சுலபமாக வரும். ஜலகண்டேஸ்வரர் கோவில் கோபுரத்துக்கு ஏழு நிலைக்கு ஏழு துண்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம் சின்னதாக வெட்டி அடுக்கி, உச்சியைக் களிமண்ணில் செய்துவிடு. கல்யாண மண்டபத்துத் தூண் சிற்பத்துக்கெல்லாம் ஆசைப்படாதே, இந்த அளவில் அது கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு அடுக்கிலும் வரிசை எண்ணைக் கடையிலேயே குறிக்கச் சொல், ஒட்டும்போது அதன்படி ஒட்டு, அந்த எண்ணை மேல் அடுக்கு மறைக்கிற இடமாகப் பார்த்துப் போடச் சொல்.

கேள்வி: சொந்தமாக டயோடு லேசர் மெஷின் வாங்கிவிடலாமா? — ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: அட்டை, மெல்லிய பிளைவுட் மட்டும் போதும் என்றால் வாங்கலாம். கண்ணாடி அக்ரிலிக் அதில் வெட்டாது, நீலக் கதிர் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிர் 10.6 மைக்ரான் அலைநீளம், அதை அக்ரிலிக்கும் மரமும் காகிதமும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், கடைகளில் அதனால்தான் அந்த மெஷின். வீட்டில் வைப்பதாக இருந்தால் மூடி போட்ட மெஷினாக, புகையை வெளியே தள்ளும் ஃபேனோடு வாங்குங்கள். திறந்த மெஷின் என்றால் அந்த அலைநீளத்துக்கே உரிய கண்ணாடி போடாமல் அந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது கண்டிப்பு. ஓடும்போது பக்கத்தை விட்டு எழுந்து போகாதீர்கள், அட்டை தீப்பிடிக்க ஒரு நொடி போதும்.

கேள்வி: இந்த லேசரைக் கண்டுபிடித்தவர் இந்தியர் என்கிறார்களே, நிஜமா? — ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: முதல் லேசர் 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் செய்தது, அது ரூபி லேசர். கடைகளில் மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு அமெரிக்கா போனவர்.

கேள்வி: எங்கள் பக்கம் தோல் கழிவுத் துண்டுகள் நிறையக் கிடைக்கும். கூரைக்கும் தரைக்கும் லேசரில் வெட்டிப் பயன்படுத்தலாமா? — ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: பயன்படுத்தலாம், லேசரில் மட்டும் வேண்டாம். ஷூவுக்குப் போகும் தோலில் பெரும்பகுதி குரோம் போட்டுப் பதனிட்டது, அதை எரித்தால் குரோமியம் கெட்ட வடிவத்துக்கு மாறும் ஆபத்து இருக்கிறது. தோல் மெல்லிசாக இருந்தால் கூர்மையான கத்தியும் இரும்பு ஸ்கேலும் போதும். மண் தரைக்கு அதன் சொரசொரப்பான அடிப்பக்கத்தை மேலே வைத்து ஒட்டிப் பாருங்கள், பெயின்ட் அடிக்காமலே நன்றாக இருக்கும்.