நடைபாதைக் கேள்விகள்

சிங்கப்பூரில் தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பத்தி எழுத்தாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ரயிலில் எல்லார் கண்ணும் கைப்பேசியில்தான். நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?
*வாசகர், யீஷூன்*

கால்களைப் பார்ப்பேன். முகத்தைப் பார்த்தால் முறைப்பார்கள், காலைப் பார்த்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. சிமெண்டு காய்ந்த பூட்ஸ், பளபளக்கும் ஆபீஸ் ஷூ. ரப்பர் சிலிப்பரோடு வந்து, இறங்கப் போகும்போது பையிலிருந்து குதிகால் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. புத்திசாலிகள்.

உங்கள் யீஷூன் வழியாகப் போகும் வடக்கு தெற்கு ரயில் பாதையில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நகரத்தை நோக்கி வரும் ரயில் பீஷான் வரை வெளிச்சத்தில் வரும். பிராடல் வருவதற்குள் பூமிக்குள் நுழைந்துவிடும். இருட்டு வந்ததும் ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும், கைப்பேசியில் மூழ்கியிருந்த தலைகளில் பாதி நிமிர்ந்துவிடும். ஒருமுறை ஒரு பெண் பொட்டு அட்டையை எடுத்து, ஒன்றைப் பெயர்த்து, ஜன்னலைப் பார்த்தே நெற்றியில் ஒட்டினார். ரயில் குலுங்கியதில் பொட்டு ஒதுங்கிவிட்டது. எதிரே இருந்த சீனப் பாட்டி தன் நெற்றியையே தொட்டு, ‘இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்’ என்று சைகை காட்டினார். தோ பாயோவுக்குள் பொட்டு நடுவுக்கு வந்துவிட்டது. நான் அப்போதும் செருப்பைப் பார்ப்பதுபோல்தான் உட்கார்ந்திருந்தேன்.

காலை ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் எல்லாரும் ஓடுகிறார்களே, ரயில் போய்விடும் என்றா?
*வாசகர், செங்காங்*

ரயில் எங்கே போகிறது, அடுத்தது உடனே வரும். வார நாள்களில் 7.45-க்கு முன் அட்டையைத் தட்டி உள்ளே போனால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும், அதற்குத்தான் அந்த ஓட்டம். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. தினமும் மிச்சம் பிடித்தால் வாரத்துக்கு ஒரு கோப்பிக் காசாவது தேறும்.

என் அம்மாவுக்கு 72 வயது, மூட்டு வலி. பாதி ரோட்டைத் தாண்டுவதற்குள் சிக்னலில் பச்சை மனிதன் மினுக்க ஆரம்பித்துவிடுகிறான். என்ன செய்வது?
*வாசகி, புக்கிட் பாஞ்சாங்*

பொத்தான் இருக்கும் கம்பத்தை நன்றாகப் பாருங்கள். பல இடங்களில் பொத்தானுக்கு மேல் அட்டை வைக்கும் பெட்டி ஒன்று இருக்கும். மூத்தோர் சலுகை அட்டையை அதில் வைத்தால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை பச்சை கூடுதலாக எரியும். 2009-இல் தொடங்கிய ஏற்பாடு இது. உடற்குறையுள்ளோருக்கான அட்டையும் செல்லும். எல்லாச் சந்திப்பிலும் இல்லை, அதனால் அம்மா வழக்கமாகக் கடக்கும் இடத்தில் இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. அட்டையை வைத்தால் காசு கழியும் என்று நினைத்துத் தொடாமலே நிற்கிற பெரியவர்கள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள். ஒரு காசும் கழியாது, அதையும் சொல்லிவிடுங்கள். 13 விநாடி ஒன்றும் பெரிசில்லை என்பவர், காய்கறிப் பையோடு ஆறு தட ரோட்டைக் கடந்து பார்க்கட்டும்.

எங்கள் புளோக்கிலிருந்து எம்ஆர்டி வரை குடையில்லாமல் போக முடிகிறது. லிட்டில் இந்தியா தேக்காவில் மட்டும், கடைகளுக்கு முன்னால் கூரையோடு போகும் ஐந்தடிப் பாதையில் கால் வைக்க இடமில்லை. சாமான்களை எடுக்கச் சொல்லக் கூடாதா?
*வாசகர், சுவா சூ காங்*

சொல்லிப் பார்த்தார்கள் ஐயா, 1888 பிப்ரவரியில். கடைக்காரர்கள் கடையை அடைத்தார்கள், தெருவில் கல் பறந்தது, கலவரமே ஆகிவிட்டது. கடைக்கு முன்னால் கூரை போட்ட பொதுவழி விட வேண்டும் என்று, இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1822-இலேயே நகரத் திட்டத்தில் எழுதிவைத்தார். அது நடப்பவருக்கா, கடைக்காரருக்கா என்ற தகராறும் அதோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது.

உங்கள் பேட்டைக் கூரை புதுசு. ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் கூரைப்பாதை போடுவதாக 2013-இல் அறிவித்து, 2018 வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் சேர்த்தார்கள். நல்ல வேலை. ஆனால் கூரை உயரம், பக்கச் சுவர் கிடையாது. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு மழை அடித்தால் தலை காய்ந்திருக்கும், முழங்காலுக்குக் கீழே தொப்பலாகிவிடும். ஐந்தடிப் பாதைக்கு ஒரு பக்கம் முழுக்கச் சுவர், மறுபக்கம் தூண். சாரல் அவ்வளவாக உள்ளே வராது. தபால் கட்டை நனையாமல் கொண்டுபோக எனக்கு அதுதான் கைகொடுத்தது.

தேக்காவின் பஃபலோ ரோட்டில் முருங்கைக்காய்க் கட்டும் வாழைப்பூக் கூடையும் வழியை அடைப்பது உண்மைதான். மழை வந்தால் வெளிப்பக்க மூட்டைகளையும் உள்ளே இழுத்துப் போடுவார்கள், இன்னும் நெருக்கடி. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி விடாத கடைக்காரரை நானே சத்தம் போட்டிருக்கிறேன். மற்றபடி, அவசரமாகப் போகிறவர் பக்கத்துச் சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரக் கூடாது, அவ்வளவுதான்.

உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்த மேசையில் நாம் உட்காரலாமா?
*வாசகி, பிடோக்*

சட்டம் தடுக்கவில்லை. உட்காருங்கள். நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஊரில் பார்த்த மைனா பழுப்பு. இங்கே கறுப்பாக இருக்கிறதே, அதே பறவைதானா?
*வாசகர், ஜூரோங்*

இல்லை. ஊர் மைனாவுக்குப் பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். இங்கே கூட்டம் கூட்டமாகத் திரிவது ஜாவா மைனா. உடம்பு கறுஞ்சாம்பல், அலகு மஞ்சள், நெற்றியில் சின்னதாக ஒரு கொண்டை. கூண்டில் வளர்க்கக் கொண்டுவந்தது, 1920-களில் வெளியே பரவிவிட்டது. பிடித்து விற்றே தீர்த்துவிட்டதால் சொந்த ஊரான ஜாவாவில் இப்போது அரிதாகிவிட்டது. இங்கே சாயங்காலம் சாலையோர மரத்தில் அடையும்போது அது போடும் சத்தத்துக்குப் புகார்மேல் புகார். பரோட்டாவை மேசையில் வைத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டிஷ்யூ பொட்டலத்தையெல்லாம் அது மதிக்காது.