இல்லாத நோய்க்கு எதற்கு ஊசி? – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சுகாதார ஆய்வாளராக அலைந்து ஓய்வு பெற்றவன் நான். காய்ச்சல், அம்மை பற்றி நம் பக்கத்துக்காரர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அஞ்செட்டி வாசகர்: எங்கள் ஊரில் பல வருடமாகத் தட்டம்மையே இல்லை. இல்லாத நோய்க்கு எதற்கு சார் ஊசி?

களத்துமேட்டில் ராகித்தாள் போர் போட்டிருப்பீர்கள். பத்து வருடம் தீப்பிடிக்கவில்லை என்பதால் தாள் எரியாது என்று ஆகிவிடுமா? ஊசி போடாத குழந்தை ஒவ்வொன்று பிறக்கும்போதும் அந்தப் போரில் ஒரு கட்டு ஏறுகிறது.

வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 65 ஆண்டுகள் தட்டம்மை தலைகாட்டவில்லை. 1846-ல் வந்தபோது, சுமார் 7,800 பேரில் 6,000 பேர் சில மாதத்துக்குள் படுத்துவிட்டார்கள். அங்கே போய்ப் பார்த்த பானும் என்ற டென்மார்க் டாக்டர் ஒன்றைக் கவனித்தார்: 1781-ல் அம்மை கண்டிருந்த முதியவர்களுக்குத் திரும்ப வரவில்லை.

பிஜியில் இன்னும் மோசம். அந்த மக்கள் அதுவரை அறியாத நோய். 1875-ல் சுமார் 40,000 பேர் இறந்தார்கள். அதே கிருமிதான். ஆனால் வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படுத்தால் கஞ்சி வைக்க யார் இருப்பார்கள்?

பாலக்கோட்டு அம்மா ஒருவர்: எங்கள் காலத்தில் எல்லோருக்கும் மணல்வாரி (தட்டம்மை) வந்தது. வேப்பிலை கட்டினோம், பிழைத்தோம்.

பிழைத்தவர்கள் சொல்கிறீர்கள் அம்மா. சத்துக் குறைந்த பிள்ளைகள் நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் போனார்கள். அது மட்டுமில்லை, உடல் அதுவரை சேர்த்து வைத்த எதிர்ப்பு நினைவையும் தட்டம்மை அழித்துவிடும். அம்மை இறங்கிய பிறகும் பல மாதம் மற்ற நோய்கள் சுலபமாகத் தொற்றும். வேப்பிலை கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஊசியும் போடுங்கள்.

ஊத்தங்கரை ஆசிரியர்: 95 சதவீதம் பேருக்கு ஊசி வேண்டும் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் தட்டம்மைக்காரர் ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். அதை ஒருவருக்கும் கீழே இறக்கினால்தான் பரவல் நிற்கும். பதினைந்து என்று வைத்துக்கொண்டால் பதினான்கு பேர் வழியடைக்க வேண்டும், அதாவது 93 சதவீதம். ஊசி போட்ட எல்லோருக்கும் எதிர்ப்பு வந்துவிடாது என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டி 95.

ஆனால் சராசரியை நம்பாதீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு மலைக்கிராமத்தில் பதிவேட்டுப்படி பாக்கியே இல்லை. கடைசி வீட்டில் ஒரு பாட்டி ரேஷன் அட்டை உறைக்குள்ளிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டினார். பிறந்தபோது போட்டது மட்டும்தான் இருந்தது, மீதிக் கட்டமெல்லாம் வெள்ளை. மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலை. பிள்ளைகள் அங்கேயும் இங்கேயும் மாறி மாறி, இரண்டு ஊர்ப் பட்டியலிலும் இல்லை. பக்கத்து நாலு வீட்டிலும் அதே கதை. தாலுகாவில் 96 இருந்தாலும் அந்த மூலையில் பூஜ்யம்தான். அம்மை அந்த மூலையைத்தான் தேடிப் பிடிக்கும்.

ஓசூர் வாசகர்: 2006-ல் சிக்குன்குனியா ஊரையே முடக்கியது. அப்புறம் எப்படி அடங்கியது?

1973-க்குப் பிறகு சுமார் 32 ஆண்டுகள் இந்தியாவில் அது பெரிதாக வரவில்லை. அதனால் தாத்தா, பேரன் என்று ஏறக்குறைய எல்லோருக்கும் புதிது. வந்துபோனவர்களுக்கு எதிர்ப்பு தங்கியது, கொசுவுக்குப் புது ஆள் குறைந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அரூர் வாசகர்: எனக்கு டெங்கு ஒருமுறை வந்துவிட்டது. இனி பயமில்லைதானே அண்ணா?

பயம் இனிமேல்தான் தம்பி. ஒருமுறை வந்தால் எதிர்ப்பு தங்கும் என்று மேலே சொன்ன கணக்கு டெங்குவில் தலைகீழ். அதில் நான்கு வகை. ஒன்று வந்தால் அந்த வகைக்குத்தான் நீண்ட எதிர்ப்பு. வேறு வகை வரும்போது பழைய எதிர்ப்பணுவே கிருமிக்கு வழிகாட்டியாகி நோய் முற்றக்கூடும். காய்ச்சல் விடும் நாளில் ஏமாந்துவிடாதீர்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொல்லையில் கிடக்கும் கொட்டாங்குச்சியை இன்றைக்கே கவிழ்த்து வையுங்கள்.

பென்னாகரம் தாய்: மகனுக்கு மூன்று வயது. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட்டோம், ஒன்றரை வயதில் போடுவது தவறிவிட்டது. முதலிலிருந்து தொடங்கணுமா?

வேண்டாம் அம்மா, விட்டதை மட்டும் போட்டால் போதும். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையோடு போங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள்.