கையெழுத்து மட்டும் போட்டால் போதுமா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சியில் கவுன்சிலராக இருக்கிறேன். 2022 பிப்ரவரி தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, என்னை நிற்கச் சொன்னார்கள், ஜெயித்தேன். அதற்கு முன்பிருந்தே 12 மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன், பதிவெல்லாம் என் பெயரில்தான். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று வாசலில் ஆள் நிற்கிறது, எட்டரைக்கு டெய்லர்கள் வந்துவிடுவார்கள். மகள் பத்தாம் வகுப்பு. கணக்கில் அவளுக்கு மார்க் குறைந்ததே டீச்சர் போன் செய்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. வீட்டுக்காரர் சொல்கிறார், “நீ கம்பெனியையும் பாப்பாவையும் பாரு, வார்டை நான் பாத்துக்கறேன், கையெழுத்து மட்டும் போடு”ன்னு. சரி என்று சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: வேண்டாம் கண்ணு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நீங்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார். ஆனால் எதை விட்டுக்கொடுக்கலாமோ அதை உங்கள் தலையில் வைத்துவிட்டு, விட்டுக்கொடுக்கக் கூடாததைத் தான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கம்பெனி வேலையில் முக்கால்வாசியை இன்னொருவர் கையில் கொடுக்க முறையான வழியே இருக்கிறது. ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்களோடு சேர்த்து அவரையும் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவராகச் சேர்க்கலாம், பேங்கில் கடிதம் கொடுத்தால் கணக்கையும் அவர் பார்த்துக்கொள்ளலாம், ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியிடம் ரேட் பேச அவர் போனால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. கவுன்சிலர் பதவிக்கு இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. மன்றக் கூட்டத்தில் உங்கள் நாற்காலியில் அவர் உட்கார முடியாது, தீர்மானத்துக்கு உங்களுக்குப் பதில் அவர் கை தூக்க முடியாது.

நான் 2011 முதல் 2016 வரை ஊராட்சித் தலைவராக இருந்தேன், வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. முதல் வருஷம் எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். தறிக்குப் பாவு நூல் வந்த சீட்டு, கூலிக் கணக்கு, ஊராட்சி பில் எல்லாம் ஒரே அட்டையில் கிளிப் போட்டு வரும், நான் அடுப்படியில் நின்றபடியே ஈரக் கையைத் துடைத்துவிட்டு வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவு வாசித்தபோது ஒரு பாட்டி எழுந்து, “எங்க வீதியில ஒரு லைட்டும் எரியலையே, டியூப் லைட்டுக்கு இவ்வளவு ரூபா எதுக்கம்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பில்லில் தப்பு இருந்ததா இல்லையா என்பதுகூட அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அதைப் படிக்கவே இல்லை. கூட்டம் முழுக்க என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்று ராத்திரியே ஊராட்சிக் காகிதத்துக்குத் தனி ஃபைல் போட்டேன், படிக்காமல் ஒன்றில்கூடக் கையெழுத்துப் போடுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சு சரியில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

அதனால் வீட்டுக்காரரிடம் கம்பெனியைக் கேளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடுவது, 15ஆம் தேதிக்குள் இஎஸ்ஐ கட்டுவது, பீஸ் கணக்கு, டெலிவரி இதெல்லாம் அவர் பார்க்கட்டும், வாரம் ஒருமுறை நோட்டை நீங்கள் புரட்டிப் பார்த்தால் போதும். ஜிஎஸ்டி ரிட்டர்னை மாதாமாதம் போடுகிறீர்கள் என்றால் ஆடிட்டரிடம் பேசுங்கள், வருடத்துக்கு 5 கோடி ரூபாய் வரை வியாபாரம் உள்ளவர்கள் ரிட்டர்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம், இடையில் இருக்கும் இரண்டு மாதமும் 25ஆம் தேதிக்குள் வரியை மட்டும் கட்டினால் சரி.

காலை ஆறு மணிக் கூட்டத்துக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிய வேண்டியது தண்ணீர் எப்போது வரும் என்பதுதான். தண்ணீர் திறந்துவிடுபவரிடம் முதல் நாள் ராத்திரியே கேட்டு, வாசல் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, எந்த வீதிக்கு எத்தனை மணிக்கு என்று சாக்பீஸில் எழுதிவிட்டேன். ஒரே மாதத்தில் கூட்டம் குறைந்தது. மீதிப் பேர் சொல்வதை மாமியார் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார், ஊரில் யார் எந்த வீடு என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கே தெரியாது. உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், பெரியவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

பாப்பா விஷயத்தில், டீச்சர் சொல்லித் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கும் வலித்தது. அவளாகச் சொல்லாததற்குக் காரணம் பயமாக இருக்காது, நீங்கள் போனைக் கீழே வைக்கும் நேரத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து விட்டிருப்பாள். ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அவள் பக்கத்தில் உட்காருங்கள், கணக்குச் சொல்லித்தரத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மன்றக் கூட்ட அஜெண்டாவை நீங்கள் படியுங்கள், அவள் அவள் பாடத்தைப் படிக்கட்டும்.

அடுத்த தேர்தலில் நிற்பதா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். 2027 மார்ச் வரை பதவிக்காலம் இருக்கிறது, பாப்பா பரீட்சை முடியட்டும்.

கேள்வி: நானும் கவுன்சிலர்தான், சின்ன டெய்லரிங் யூனிட் இருக்கிறது. எங்கள் நகராட்சியில் தூய்மைப் பணியாளர்களுக்குச் சீருடை தைக்கும் வேலை வருகிறது. என் தம்பி பெயரில் எடுத்து என் யூனிட்டில் தைக்கலாமா?

பதில்: கூடாது. கவுன்சிலராக இருப்பவர் அதே நகராட்சியின் ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருந்தால் பதவியே போய்விடும். தம்பி பெயரைப் போட்டாலும் துணி தைப்பது உங்கள் மெஷின், கூலி வருவது உங்களுக்கு. வேறு ஊர் ஆர்டர் பிடியுங்கள், அந்த வேலையை வார்டில் வேறு யாராவது எடுத்தால் சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: நானும் கவுன்சிலர்தான். ஆர்டர் கொடுத்த பார்ட்டி நான்கு மாதமாக ஜாப் ஒர்க் பணம் தரவில்லை. கறாராகக் கேட்டால் “கவுன்சிலர்னு மிரட்டறீங்களா?” என்கிறார். என்ன செய்வது?

பதில்: போனில் கேட்பதை நிறுத்திவிட்டுக் காகிதத்தில் கேளுங்கள், அதில் கவுன்சிலர் என்ற வார்த்தையே வரக் கூடாது. சிறு தொழிலுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சடித்திருக்கிறீர்களா? பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், எழுதிய ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் வட்டியும் உண்டு, அந்தத் தொகையைக் கொடுக்கிற வரைக்கும் அவருடைய வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. இந்தக் கடைசி விஷயத்தை அவருடைய ஆடிட்டருக்கே தெரிகிற மாதிரி கடிதத்தில் எழுதுங்கள், ஒரு நகலை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சிறு நிறுவனங்களுக்கு வராத பாக்கிக்காக மத்திய அரசு வைத்திருக்கும் போர்ட்டலில் புகார் போடுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பார்கள்.